நாலு கிலோ

ஆவணிக் கடைசியில் தராசு கூடிக் காட்டியது.
லாங்கென்தால் ரயில்பாதையோரத் தோட்டம்,
இரண்டாம் பெட்டி, ஐந்து நாளில் நாலு கிலோ.
லிண்டன் பூ முடிந்து ஆறு கிழமை.
புல் வெட்டிய வயலில் ஒரு மஞ்சள்கூட இல்லை.
எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
வீட்டுக்கு வரும் காசை எண்ணும்போது
யார் கேட்கிறார்கள்?

மயிர் உதிர்ந்து, எண்ணெய் பூசினாற்போல்
மினுங்கிக்கொண்டு வந்தன.
பலகையில் இறங்கும்போது வயிறு தட்டியது.
சந்தோஷமாக இரவு வேலைக்குப் போனேன்.

லூத்தியின் பெட்டி வாய்க்காலுக்கு அப்பால், முந்நூறு மீட்டர்.
இடுப்பெலும்பு முறிந்து பங்குனியிலிருந்து
நான் விரிப்பு மாற்றும் இல்லத்தில்தான் படுத்திருந்தார்,
மூன்றாம் மாடி, ஜன்னல் கட்டில்.
"என்னுடையவை பறக்கின்றனவா?" என்பார்.
போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன்,
வாசலில் ஒரே நெரிசல்.
"நன்றாகப் பறக்கின்றன" என்பேன்.

பறந்தவை என்னுடையவை.

மூடியைத் திறந்த அன்று
அவருடையவை கைப்பிடி அளவே இருந்தன.
சிறகு என்று சொல்ல முடியாத ஒன்றை
சலவையில் அகப்பட்ட பயணச்சீட்டைப்போல
முதுகில் சுருட்டிக்கொண்டு நடந்தன.
அடைகளின் ஓரமெல்லாம் கடித்துக் கிழித்திருந்தது.
துளி தேன் இல்லை.

உண்ணி என்று பெயர் வைத்தவர்கள்
அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கடுகளவு, செம்பழுப்பு, தட்டை.
அறைக்கு மெழுகுக் கதவு போடுமுன்
புழுவின் கூழுக்குள் முங்கிக் கிடக்கும்.
கதவு அடைத்ததும் எழுந்து ஒரு துளை போடும்,
தானும் பிள்ளைகளும் முறைவைத்துக் குடிக்க
ஒன்றே ஒன்று.
அந்தத் துளையால் கொழுப்பு வெளியே வரும்.
வேறொன்று உள்ளே போகும்.

அந்த வேறொன்றுக்குப் பசியில்லை, காலில்லை.
உண்ணி இந்தப் பக்கம் வருமுன்னும் அது இருந்தது,
வாடகை கொடுக்காத குடித்தனமாக,
பெரிதாக யாரையும் தொந்தரவு செய்யாமல்.
ஊசிதான் இல்லாமலிருந்தது.

பரிசோதகர், ஃப்ராவ் நீடர்ஹவுசர்,
என் பெட்டியில் முந்நூறு தேனீயை அள்ளி
ஐசிங் சீனி போட்டுக் குலுக்கினார்.
நாற்பத்தொன்று விழுந்தது.
எழுதிக்கொண்டே, "ஆசியாவிலிருந்து வந்தது இது" என்றார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது.
"உண்ணியைச் சொன்னேன்."
தெரியும் என்றேன்.
அங்கே எங்கள் சின்னத் தேனீ அதை
முதுகிலிருந்து வழித்துக் கடித்து எறியும்.
சண்டை போட்டே பழகிப்போன உறவு.
இந்தப் பெரிய தேனீயைப் பெட்டியோடு அங்கே
கப்பலிலும் ரயிலிலும் கொண்டுபோனது யார்
என்பது அந்த மாதத்தில்
நான் கேட்காமல் விட்ட இரண்டாம் கேள்வி.

எறும்பமிலம் ஊறிய அட்டையை வைத்தேன்.
கண் எரிந்தது. பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
மறுநாள் வெள்ளைத் தட்டில் எண்ணினேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு வரை. பிறகு மழை.
எது லூத்தியிடம் பிறந்தது, எது என்னிடம்,
பார்த்தால் தெரியவில்லை.

இரவு, தலையணையைத் திருப்பிப் போடும்போது
மறுபடி கேட்டார்.
கையுறையைக் கழற்றி வேறு மாட்டினேன்.
ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன்
மாற்ற வேண்டும், அது இங்கே விதி.
"உங்கள் தேனை நான் எடுத்துவிட்டேன்" என்றேன்.
ஜெர்மனில் களவுக்கும் அறுவடைக்கும் இடையில்
எந்த வினைச்சொல்லைப் போட்டேனோ,
அவர் முகம் விரிந்தது.
"எவ்வளவு?"
"நாலு கிலோ."
"இந்த வயதான பெட்டியிலிருந்தா!"
என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு
ரொட்டியில் கொஞ்சம் பூசிக் கொண்டுவா என்றார்.